நெல்லைச் சீமை வீடுகளுக்கு எந்த வாட்டர் ஹீட்டர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் புது வீடு கட்டுகிறவர்களும் பழைய குளியலறையைப் புதுப்பிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நிறுவனங்கள் தரும் அட்டவணைகள் நாடு முழுமைக்கும் பொதுவானவை. சிம்லாவுக்கும் சிவகிரிக்கும் ஒரே அளவு பொருந்தாது. எந்த நிறுவனத்தின் பொருளை வாங்குவது என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது, உங்கள் வீட்டு ஒயர் எதைத் தாங்கும் என்ற இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு வாட்டர் ஹீட்டர் தேவைதானா?

எல்லா வீட்டுக்கும் தேவையில்லை. பங்குனி, சித்திரையில் பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும் மாலை நேரத்தில் குழாயைத் திறந்தால் மாடித் தொட்டித் தண்ணீரே கை பொறுக்காத சூட்டில் வருகிறது. மார்கழி அதிகாலையிலும் சமவெளியில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. திடமான உடம்புள்ளவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் ஆண்டில் இரண்டு மாதத்துக்காக ஒரு கருவி வாங்கி மாட்ட வேண்டிய அவசியம் இல்லை.

முதியவர், கைக்குழந்தை, பிள்ளை பெற்ற பெண், மூட்டுவலியோ இழுப்போ உள்ளவர் இருக்கும் வீடு என்றால் கதை வேறு. அங்கே வெந்நீர் அன்றாடத் தேவை. தென்காசிப் பக்கமும் வேறு கணக்குதான். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்றும் சாரலும் இறங்கும்போது குற்றாலம், இலஞ்சி, மேலகரம் வீடுகளில் நடுப்பகலில்கூடத் தண்ணீர் சில்லென்று இருக்கும்.

சந்தையில் என்னென்ன வகைகள் இருக்கின்றன?

தண்ணீரைத் தொட்டியில் தேக்கிச் சூடாக்கும் சேமிப்புக் கீசர். 1 முதல் 3 லிட்டர் கொள்ளளவில், ஓடும் தண்ணீரை அப்போதைக்கப்போது சூடாக்கும் உடனடிக் கீசர். சமையல் எரிவாயுவில் இயங்கும் கேஸ் கீசர். மாடியில் வைக்கும் சோலார் ஹீட்டர். காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குத் தரும் ஹீட் பம்ப். வாளிக்குள் போடும் ஹீட்டர் ராடு. இவற்றோடு நம் வீட்டுப் புழக்கடைகளில் இன்னும் நிற்கும் செம்புப் பாய்லரையும் சேர்க்க வேண்டும்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு எத்தனை லிட்டர் கீசர் போதும்?

கடையில் 25 லிட்டர் என்பார்கள். வாளியில் எடுத்துக் குளிக்கும் நம் வீடுகளுக்கு 15 லிட்டரே தாராளம், பல வீடுகளுக்கு 10 லிட்டரே போதும். கணக்கைச் சொல்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிப்பதற்கு 40 டிகிரி சூடு இதமானது. நம் குழாய்த் தண்ணீர் ஏற்கெனவே 28 டிகிரி அளவில் இருக்கிறது. ஆகவே ஏற்ற வேண்டியது வெறும் 12 டிகிரி. 15 லிட்டர் கீசரில் 60 டிகிரிக்குச் சூடான தண்ணீரை 28 டிகிரித் தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரியில் 40 லிட்டர் கிடைக்கும். அதாவது 20 லிட்டர் வாளியில் இரண்டு. தில்லியில் தை மாதக் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அதே கீசரில் கிடைப்பது ஏறத்தாழ 25 லிட்டர்தான். அங்கே 25 லிட்டர் தொட்டி வாங்குவது நியாயம். இங்கே அதே தொட்டியை வாங்கினால், கூடுதலாக இருக்கும் 10 லிட்டரை நாள்தோறும் சூடாக்கி ஆறவிடுகிறோம்.

நடைமுறையில் வெந்நீர் வெளியேறும்போதே கீழே பச்சைத் தண்ணீர் புகுந்து கலப்பதால், மேலே சொன்ன அளவில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். முதல் இருவர் குளித்து முடித்தபின் 2 கிலோவாட் காயில் (தண்ணீரைச் சூடாக்கும் மின் சுருள்) அடுத்த 15 லிட்டரை 28-லிருந்து 60-க்கு ஏற்ற 17 நிமிடம் போதும். அடுத்தவர் தலைக்கு எண்ணெய் தேய்த்து ஊறுவதற்குள் தண்ணீர் தயார்.

தீபாவளி அதிகாலையில் வீடு முழுக்க வரிசையில் நிற்குமே என்பார்கள். அந்த ஒரு நாளுக்கு அண்டாவை அடுப்பில் ஏற்றினால் ஆயிற்று. மற்ற 364 நாளையும் மனத்தில் வைத்துத்தான் தொட்டியின் அளவை முடிவுசெய்ய வேண்டும். ஷவரில் நீண்ட நேரம் நின்று குளிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும், ஒரே கீசரிலிருந்து இரண்டு குளியலறைக்குக் குழாய் இழுப்பவர்களுக்கும் மட்டும் 25 லிட்டர் பொருந்தும்.

உடனடிக் கீசர் நல்லதா, சேமிப்புக் கீசர் நல்லதா?

குளிர் நாட்டில் உடனடிக் கீசர் திணறும். நம் சமவெளியில் அது நன்றாகவே வேலை செய்கிறது. 3 கிலோவாட் காயில் ஒரு நிமிடத்தில் 43 கிலோ கலோரி வெப்பம் தருகிறது. ஒரு லிட்டரை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கிலோ கலோரி வேண்டும். 12 டிகிரி உயர்த்தினால் போதும் என்னும் நம் ஊரில் நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் வரும். ஆறு நிமிடத்தில் வாளி நிறைந்துவிடும். விலையும் குறைவு, சுவரில் அடைக்கும் இடமும் குறைவு, தேங்கிக் கிடந்து ஆறும் தண்ணீரும் இல்லை.

ஆனால் சுண்ணாம்பு மிகுந்த உப்புத் தண்ணீரில் இது சீக்கிரம் படுத்துவிடும். சிறிய கலனுக்குள் பெரிய காயில் இருப்பதால் படிவு கட்ட அதிக நாள் ஆகாது, சில மாதங்களில் தண்ணீர் நூலாக வரும். மேலும் 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர் ஓடும். பழைய ஒயர் அதைத் தாங்காது. ஆற்றுத் தண்ணீரும் நல்ல ஒயரிங்கும் உள்ள சிறு குடும்பத்துக்கு உடனடிக் கீசர், மற்றவர்களுக்குச் சேமிப்புக் கீசர் என்பது என் பரிந்துரை. சமையலறைத் தொட்டிக்கு எப்போதும் சிறிய உடனடிக் கீசரே சரி.

எங்கள் வீட்டில் கீசர் வாங்கிய இரண்டாம் ஆண்டே காயில் போய்விட்டது. மட்டமான பொருளா?

பெரும்பாலும் பொருள் மீது பழியில்லை, தண்ணீர் மீதுதான். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடுபட்டதும் கால்சியம் கார்பனேட்டாக மாறிக் கரையாமல் படிகிறது. எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் படியும், அதாவது காயிலின் மேல். வெள்ளைப் பொருக்கு கட்டிய காயிலால் வெப்பத்தைத் தண்ணீருக்குக் கடத்த முடியாது. உள்ளுக்குள்ளேயே சூடேறி ஒருநாள் வெடிக்கிறது. 60 டிகிரிக்கு மேலே போகப் போகப் படிவும் வேகமெடுக்கிறது.

நம் பகுதியில் தண்ணீர் ஊருக்கு ஊர் மாறுகிறது. பொதிகையில் பிறந்து பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியாக வரும் தாமிரபரணித் தண்ணீர் மென்மையானது. அந்தத் தண்ணீர் மட்டும் வரும் வீட்டில் எந்தக் கீசரும் பல ஆண்டு உழைக்கும். சுண்ணாம்புக் கல்லை நம்பி 1949-இல் சிமெண்ட் ஆலை எழுந்த தாழையூத்து போன்ற இடங்களில் போர் போட்டால் பாறையின் சுண்ணாம்பு தண்ணீரில் வரத்தான் செய்யும். வள்ளியூர், இராதாபுரம், திசையன்விளைப் பக்கம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் சவர்த் தண்ணீர். உவரி, இடிந்தகரை போன்ற கடலோரத்தில் சுண்ணாம்போடு குளோரைடும் சேர்ந்துகொள்கிறது. அது காயிலில் படிவதோடு நிற்காமல் தொட்டியையே அரிக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குடிநீருக்கு ஆற்றுத் தண்ணீர், குளிக்கப் போர் தண்ணீர் என்று இரண்டு இணைப்பு உள்ள வீடுகள் இங்கே மிகுதி. கீசருக்குள் போவது எது என்று வீட்டுக்காரருக்கே பல நேரம் தெரியாது. முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்.

தண்ணீர் கடினமா (சுண்ணாம்பு மிகுந்ததா) என்று எப்படி அறிவது?

சோப்பு நுரைக்காமல் திரிந்து போகிறதா, குழாய் வாயிலும் ஷவர் துளையிலும் வெள்ளைப் படலம் கட்டுகிறதா, வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் சாம்பல் நிறப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் கடினம்தான். துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாதபோது 600 வரை ஏற்கலாம். கீசரைப் பொறுத்தவரை 300-ஐத் தாண்டினாலே எச்சரிக்கையாக இருங்கள்.

விற்பனையாளர் கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் கடினத்தன்மையைக் காட்டாது. கரைந்துள்ள எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்லும். சாதாரண உப்பு மிகுந்த தண்ணீரில் டிடிஎஸ் உயரும், ஆனால் காயிலில் பொருக்குக் கட்டாது. அந்த ஒற்றை எண்ணை வைத்து விலை உயர்ந்த மாடலை உங்கள் தலையில் கட்ட வந்தால், கடினத்தன்மை எவ்வளவு, குளோரைடு எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள்.

அப்படியானால் உப்புத் தண்ணீருக்கு எந்தத் தொட்டி, எந்தக் காயில்?

உள்ளே கண்ணாடிப் பூச்சு உள்ள எஃகுத் தொட்டி, அதே பூச்சு கொண்ட காயில், கூடவே மெக்னீசியம் ஆனோடு ராடு. இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். ஆனோடு ராடு தொட்டிக்குப் பதிலாகத் தானே அரிபட்டுத் தேய்கிறது. அது தீர்ந்த பிறகுதான் தொட்டிக்கு ஆபத்து. ஆகவே கடின நீர் வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். தொட்டியே ஓட்டையான பிறகு மாற்ற ஒன்றும் இல்லை, புதுக் கீசர்தான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி என்றால் துருவே பிடிக்காது என்று நம்புகிறார்கள். குளோரைடு மிகுந்த கடலோரத் தண்ணீரில், அதுவும் சூடான நிலையில், பற்றவைத்த இடங்களில் புள்ளி புள்ளியாக அரித்து ஒழுகும். அங்கே கண்ணாடிப் பூச்சோ பாலிமர் பூச்சோதான் பொருந்தும்.

மின்கட்டணம் எவ்வளவு கூடும்?

860 கிலோ கலோரி ஒரு யூனிட். ஆளுக்கு 20 லிட்டரை 12 டிகிரி உயர்த்த 240 கிலோ கலோரி, அதாவது 0.28 யூனிட். நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 1.1 யூனிட், தொட்டியிலும் குழாயிலும் வீணாவதைச் சேர்த்து ஒன்றரை என்று வையுங்கள். இரு மாதக் கணக்கெடுப்பில் 90 யூனிட் வருகிறது. வீட்டு இணைப்புக்கு அரசு தரும் 100 இலவச யூனிட்டை ஏறத்தாழ முழுவதும் இது எடுத்துக்கொள்கிறது.

கவனிக்க வேண்டிய எல்லை 500 யூனிட். அதைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்லாமல் கீழ் அடுக்கிலுள்ள சில யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் உயர்கிறது. ஏசி உள்ள வீடுகள் கோடையில் அந்த எல்லையைத் தொட்டு நிற்கும்போது, கோடையில் தேவையே இல்லாத கீசரை நாள் முழுக்கப் போட்டு வைப்பது வீண் செலவு. பயன்படுத்தாமல் சும்மா ஆன் செய்து வைத்தாலும் தொட்டி ஆறிய சூட்டை ஈடுகட்ட மின்சாரம் செலவாகிறது. குளிக்க 15 நிமிடத்துக்கு முன் போட்டு, குளிக்கப் போகும்போது அணைப்பதே முறை.

சேமிப்புக் கீசர்களில் ஒட்டியிருக்கும் நட்சத்திரக் குறி இந்த ஆறும் இழப்பைத்தான் அளக்கிறது. நாள் முழுக்க ஆன் செய்து வைக்கிறவர்களுக்கு ஐந்து நட்சத்திரம் மிகவும் பயன்படும். காலையில் கால் மணி நேரம் மட்டும் போடுகிறவர்களுக்கு மூன்றுக்கும் ஐந்துக்கும் பெரிய வேறுபாடு தெரியாது.

ஒயரிங்கில் என்ன பார்க்க வேண்டும்?

பார்க்காமல் கீசரை வாங்கவே வாங்காதீர்கள். 2 கிலோவாட் கீசர் 9 ஆம்பியர் இழுக்கிறது, 3 கிலோவாட் 13 ஆம்பியர். இரண்டுக்குமே 16 ஆம்பியர் பிளக், மெயின் போர்டிலிருந்து தனியாக இழுத்த ஒயர், தனி எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும். ஒயர் 4 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருக்கட்டும். விளக்குக்குப் போட்ட 6 ஆம்பியர் பிளக்கில் மாற்றுச் செருகி வைத்துச் சொருகுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். பிளக் உருகி சுவர் கருகும், அது தீயில் போய் முடியலாம்.

எர்த் இல்லாத வீட்டில் கீசர் மாட்டுவது உயிரோடு விளையாடுவது. காயிலின் உறை விரிசல் விட்டால் மின்சாரம் தண்ணீரிலேயே பாயும். அதைத் தரைக்குக் கொண்டுபோக எர்த் வேண்டும், நொடியில் துண்டிக்க 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும். எர்த் குழியில் தண்ணீர் ஊற்றாமல் ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடக்கும் வீடுகள் நாங்குநேரி, மானூர் போன்ற வறண்ட நிலத்தில் நிறைய. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

குறைந்த மின்னழுத்தம் காயிலைக் கெடுக்குமா என்றும் கேட்கிறார்கள். கெடுக்காது. ஆனால் 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால் சூடாகும் வேகம் பத்தில் ஆறு பங்காகக் குறையும். இன்வெர்ட்டரில் கீசரை இணைக்க வேண்டாம்.

ஹீட்டர் ராடு மலிவாக இருக்கிறதே?

செலவிலும் வேகத்திலும் குறை சொல்ல முடியாது. 1500 வாட் ராடு ஒரு வாளித் தண்ணீரை கால் மணி நேரத்தில் சூடாக்கிவிடும். ஆனால் ராடு வாளிக்குள் இருக்கும்போது தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பது நம் கையின் இயல்பு. அந்த ஒரு நொடியில் உயிர் போகிறது. குழந்தை தவழும் வீட்டில் ராடு இருக்கவே கூடாது. வேறு வழியே இல்லாத வாடகை அறையில் என்றால்: பிளாஸ்டிக் வாளி, ராடில் குறித்த அளவுக்குத் தண்ணீர், கதவைச் சாத்திய அறை, சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கிய பிறகே வாளியில் கை.

கேஸ் கீசர் வாங்கலாமா?

குளியலறைக்கு வெளியே, திறந்த வெளிச் சுவரில் மாட்ட இடம் இருந்தால் மட்டும் வாங்கலாம். குளியலறைக்குள் மாட்டுவதாக இருந்தால் வேண்டாம். இதில் சமரசமே இல்லை.

எரிவாயு எரியக் காற்று வேண்டும். சன்னலும் கதவும் சாத்திய சிறு அறையில் காற்று குறையக் குறைய எரிதல் அரைகுறையாகி கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. எரிவாயு கசிந்தால் தெரிய வேண்டும் என்று அதில் நாற்றம் கலக்கிறார்கள். இதற்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, கால் தளர்வு. கதவைத் திறக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் மயங்கி விழுகிறார்கள். நோய் நொடி இல்லாத இளைஞர்கள்கூட இப்படி இறந்துபோகிறார்கள். எக்ஸாஸ்ட் விசிறி இருக்கிறதே என்பார்கள். மின்சாரம் போனால் விசிறி நிற்கும், பேட்டரியில் பற்றும் கீசர் எரிந்துகொண்டே இருக்கும்.

யாராவது அப்படி மயங்கிவிட்டால் கதவைத் திறந்து, கீசரை அணைத்து, அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். எரிவாயுக் கசிவு என்றால் 1906.

வெளிச் சுவரில் மாட்டினால் நல்ல பலன் உண்டு. மின்வெட்டிலும் வேலை செய்யும், ஷவருக்குத் தேவையான அளவு தண்ணீரைத் தடையில்லாமல் தரும். 14.2 கிலோ சிலிண்டரை இதற்கு மட்டும் பயன்படுத்தினால் நான்கு பேர் வாளிக் குளியலுக்கு ஏறத்தாழ நான்கு மாதம் வரும். தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மாடிக் குளியலறையில் தண்ணீர் அழுத்தம் போதாமல் பற்றாமலே இருக்கலாம். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம். ஓர் ஆள் உயரத்தில் இருக்கும் தொட்டி தருவது மிகக் குறைவு.

சோலார் ஹீட்டர் நம் ஊருக்குச் சரிப்படுமா?

நெல்லைச் சமவெளியில் சொந்த வீடும், வெயில் படும் மொட்டை மாடியும், நான்கைந்து பேர் கொண்ட குடும்பமும் இருந்தால் என் முதல் தேர்வு இதுதான். நான்கு பேருக்கு 100 லிட்டர் போதும். வெயில் நம்மிடம் மிகுதி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மூட்டம் போடும் நாட்களுக்குத் தொட்டியில் ஒரு மின் காயில் வைத்துக்கொண்டால் ஆண்டு முழுதும் கவலையில்லை.

தென்காசி, செங்கோட்டை, குற்றாலத்தில் வாங்குகிறவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். அங்கே வெந்நீர் மிகவும் தேவைப்படுவது சாரல் காலத்தில், சூரியன் முகம் காட்டாததும் அதே காலத்தில்தான். சோலார் வைத்தாலும் கீசரையும் சேர்த்து வாங்க வேண்டிவரும். இரண்டுக்கும் பணம் போடுவதைவிட நல்ல சேமிப்புக் கீசர் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதில் இரண்டு வகை. கண்ணாடிக் குழாய் வகையில் 100 லிட்டருக்குச் சுமார் 10 குழாய்கள் இருக்கும், விலை குறைவு. தகட்டு வகையில் செம்புக் குழாய்களும் மேலே கெட்டிக் கண்ணாடியும் இருக்கும். விலை அதிகம், ஆயுளும் அதிகம். கடின நீரைத் தகட்டு வகையின் மெல்லிய செம்புக் குழாய்க்குள் நேரடியாக விட்டால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீருக்கு, வெப்பத்தை இடையில் வாங்கித் தொட்டிக்கு மாற்றும் தனிச் சுற்று உள்ள மாடலைத்தான் கேட்க வேண்டும். கண்ணாடிக் குழாய் அகலமானது, அடியில் தேங்கும் சுண்ணாம்பை ஆண்டுக்கு ஒருமுறை கழுவி வெளியேற்றலாம். ஆகவே சவர்த் தண்ணீர் ஊரில் குறைந்த பணத்தில் வைக்க விரும்புவோருக்கு அதுவே ஏற்றது. பாபநாசம், குற்றாலம் போலக் குரங்கு நடமாட்டம் உள்ள இடத்தில் கண்ணாடிக் குழாய் உடையும் அபாயத்தையும் எண்ணிப் பாருங்கள்.

பொருத்தும்போது தெற்கு நோக்கி வைக்க வேண்டும். பச்சைத் தண்ணீர்த் தொட்டி சோலார் தொட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். வீடு கட்டும்போதே தொட்டி மேடையை உயர்த்திக் கட்டிவிட்டால் பின்னால் இடிக்க வேண்டியதில்லை. காற்றுப் போக்கிக் குழாயை யாரும் அடைக்கக் கூடாது. பணகுடி, காவல்கிணறு, இராதாபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் ஆடிக் காற்று ஸ்டாண்டையும் பிடுங்கி எறியும், நான்கு காலையும் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்குங்கள். வெந்நீருக்கு, சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய்தான், மேலே வெப்பக் காப்பு உறை. மாடியிலிருந்து குளியலறைக்கு 20 மீட்டர் தூரம் என்றால் குழாய்க்குள் நிற்கும் 5 லிட்டர் பச்சைத் தண்ணீர் ஒவ்வொரு முறையும் முதலில் வரும். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் அதையும் ஒரு வாளியில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சோலார் ஹீட்டருக்கு மத்திய அரசு மானியம் உண்டாமே?

2024-இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை கிடைக்கும் மானியம், மாடியில் மின்சாரம் உற்பத்தி செய்யும் தகடுகளுக்கானது. தண்ணீர் சூடாக்கும் சோலார் ஹீட்டருக்கு அது பொருந்தாது. மானியம் கழித்த விலை என்று சொல்லி ஹீட்டர் விற்க வருகிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஹீட் பம்ப் எப்படி?

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் தரும், நம் ஊர்ச் சூடான காற்றில் அது இன்னும் சுலபமாக இயங்கும். ஆனால் விலையும் தொட்டியும் பெரியவை. குற்றாலத்து விடுதிகள், மருத்துவமனைகள், மாணவர் விடுதிகள் இதை எண்ணிப் பார்க்கலாம். தனி வீட்டுக்கு இப்போதைக்குத் தேவையில்லை.

பழைய செம்புப் பாய்லரை எடைக்குப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். தென்னை மட்டையும் சிரட்டையும் பனை மட்டையும் சும்மா கிடைக்கும் வீட்டில் அதற்கு இணையாக எதுவும் இல்லை. கூட்டுக் குடும்பத்துக்கும் விசேஷ நாட்களுக்கும் பிள்ளை பெற்ற பெண்ணின் குளியலுக்கும் கணக்குப் பார்க்காமல் வெந்நீர் தரும். கரி கனன்றாலும் கார்பன் மோனாக்சைடுதான் வருகிறது, ஆகவே புழக்கடையில் திறந்த வெளியில் மட்டும் வையுங்கள். நீராவி வெளியேறும் மூடியை இறுக்கி அடைக்க வேண்டாம், தண்ணீர் இல்லாமல் எரியவிடவும் வேண்டாம்.

அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. எத்தனை டிகிரியில் வைப்பது?

50. வயதானவர் தோல் மெல்லியது, சூடு உறைக்கவும் நேரமாகும். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலை வேகவைத்துவிடும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் என்ற வரிசையை வீட்டில் எல்லாரும் பழக வேண்டும். குழந்தை வாளியில் கைவிட்டாலும் காயம் இராது. 50-இல் வைத்தால் காயிலில் படிவும் குறையும். மாதம் ஒருமுறை 60-க்கு ஏற்றி, தேங்கிய தண்ணீரைச் சுத்தமாக்கிவிடுங்கள்.

கீசரின் கீழே வால்விலிருந்து சொட்டுகிறது. அடைத்துவிடலாமா?

கூடவே கூடாது. சூடானால் தண்ணீர் விரிகிறது, அந்த அழுத்தத்தை வெளியேற்றத்தான் அந்த வால்வு. சூடாகும்போது மட்டும் சொட்டினால் அது சரியாக வேலை செய்கிறது என்று பொருள். ஒரு சிறு குழாய் மாட்டிச் சாக்கடை வாய்க்கு விட்டுவிடுங்கள். இரவும் பகலும் ஒழுகினால் வால்வில் சுண்ணாம்பு சிக்கியிருக்கும், மாற்ற வேண்டும். அதை அடைத்து, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் கெட்டால் தொட்டி வெடிக்கும். பிரஷர் பம்ப் வைத்த வீட்டில் 8 பார் தாங்கும் தொட்டிதான் வாங்க வேண்டும்.

நாங்கள் சென்னையில் இருக்கிறோம். கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் மட்டும் ஊருக்கு வருவோம். கீசரை எப்படி விட்டுப் போவது?

எம்.சி.பி.யை அணைத்து, தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடி, தொட்டியை முழுவதும் வடித்துவிட்டுப் போங்கள். மாதக்கணக்கில் உப்புத் தண்ணீர் தேங்கினால் தொட்டி உள்ளிருந்தே அரிக்கும். திரும்பி வந்ததும் முதலில் தண்ணீரைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்று போய்த் தண்ணீர் சீராக வரும்வரை விடுங்கள். அதன் பிறகே சுவிட்சைப் போட வேண்டும். காலித் தொட்டியில் போட்டால் காயில் அப்போதே எரிந்துபோகும். முதல் தொட்டித் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கிக் கீழே விட்டுவிட்டு, அடுத்ததில் குளியுங்கள். சோலார் வைத்திருப்பவர்கள் தண்ணீரை வடித்துவிட்டுக் கண்ணாடிக் குழாய்களைத் துணியாலோ தார்ப்பாயாலோ மூடிவிட்டுப் போக வேண்டும். வெயிலில் காய்ந்த வெறுங்குழாயில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும், ஆகவே திரும்பி வந்து நிரப்புவதை விடியற்காலையில் செய்யுங்கள்.